இலைக்குள் ஓடும் கோடுகள்: காட்டுச்செடிகளில் இலைச்சுரங்க அந்துப்பூச்சிகளைக் கண்டறிந்து பதிவு செய்யும் முறை

ஓர் இலையைக் காம்போடு பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தால், சில வேளைகளில் அதற்குள் ஒரு வெளிறிய கோடு வளைந்து வளைந்து செல்வது தெரியும். ஒரு முனையில் மயிரிழை போலத் தொடங்கி, போகப்போக அகன்று, மறுமுனையில் ஒரு திட்டாகவோ சிறு கீறலாகவோ அது முடிந்திருக்கும். இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் இடையில் உள்ள பசுந்திசுவைத் தின்றபடி ஒரு புழு வளர்ந்து சென்ற வழி அது. அதையே இலைச்சுரங்கம் என்கிறோம். அந்தப் புழு முட்டையிலிருந்து வெளிவந்த இடம், முதலில் திரும்பிய திசை, தோலுரித்து உடல் பருத்த இடம், எச்சமிட்ட முறை, இறுதியில் வெளியேறிய வாசல் ஆகிய அனைத்தும் அந்த ஓர் இலையிலேயே பதிந்திருக்கின்றன. தன் இளமைப் பருவம் முழுவதையும் இப்படி ஒரே தாளில் எழுதி வைத்துவிட்டுப் போகும் உயிர்கள் மிகச் சில.

இந்தப் புழுக்களில் பெரும்பகுதி மிகச் சிறிய அந்துப்பூச்சிகளாக மாறுகின்றன. சிறகை விரித்தால் 3 முதல் 10 மில்லிமீட்டருக்குள் அடங்கும் அந்துப்பூச்சிகளை இரவில் விளக்கடியில் பிடித்தாலும், பல இனங்களை இனப்பெருக்க உறுப்பை அறுத்துப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். ஆனால், அதே இனத்தின் சுரங்கத்தைப் பட்டப்பகலில், வெறும் கண்ணால், அது வாழும் செடியின் மீதே பார்த்துவிடலாம். பல இனங்கள் ஒரே ஒரு செடி இனத்தையோ நெருங்கிய உறவுடைய சில செடிகளையோ மட்டுமே உண்பதால், செடியின் பெயரும் சுரங்கத்தின் வடிவமும் சேர்ந்தாலே பூச்சியின் அடையாளத்தைப் பெருமளவு நெருங்கிவிட முடியும். அதனால்தான் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இந்தத் துறை மிகவும் ஏற்றது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் செடி, பிறகு பூச்சி

தேவையான கருவிகள் குறைவு. பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸ், கைப்பேசிக் கேமரா, மில்லிமீட்டர் குறியிட்ட சிறிய அளவுகோல், குறிப்பேடு, பென்சில், மூடக்கூடிய சில பிளாஸ்டிக் பைகள் ஆகியவை போதும். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும் என்பதால் பென்சிலே நல்லது.

தொடங்கும்போது பலரும் செய்யும் தவறு, கண்ணில் பட்ட செடிகள் அனைத்தையும் புரட்டிக்கொண்டே போவதாகும். அப்படிச் செய்தால் ஒரு நாளின் முடிவில் கையில் முப்பது படங்கள் இருக்கும். அவற்றில் பாதிச் செடிகளுக்குப் பெயர் தெரியாது. பெயர் தெரியாத செடியின் சுரங்கத்தைப் பெரும்பாலும் யாராலும் அடையாளம் காண முடியாது. ஆகவே, உங்களுக்கு உறுதியாகப் பெயர் தெரிந்த இரண்டு அல்லது மூன்று காட்டுச்செடிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றை மட்டும் சில வாரங்கள் தொடர்ந்து பாருங்கள். பெயர் தெரியாத செடியில் நல்ல சுரங்கம் ஒன்று அகப்பட்டால், சுரங்கத்தைப் படம் எடுப்பதற்கு முன்பே செடியின் முழு உருவம், இலையடுக்கு, பூ, காய், தண்டு ஆகியவற்றைப் படம் எடுத்துவிடுங்கள். கவனம் முழுவதும் சுரங்கத்தின் மீது போய்விட்டால் செடி மறந்துபோகும். இந்த வரிசையை நான் வலியுறுத்துவதற்கு அதுவே காரணம்.

செடியின் அருகில் நின்றதும் மேலோட்டமாகப் பார்க்காமல், குனிந்து, கீழிலைகளிலிருந்து தொடங்குங்கள். சில இனங்கள் கொழுந்திலைகளில் மட்டுமே முட்டையிடும். சில முற்றிய இலைகளையே நாடும். பாதி நிழலில் நிற்கும் கிளைகளிலும் புதரின் உட்பக்கத்திலும் தேடத் தவறக் கூடாது. ஒவ்வோர் இலையையும் மேற்புறம், கீழ்ப்புறம், வெளிச்சத்துக்கு எதிரே என மூன்று முறை பார்க்க வேண்டும். கீழ்த்தோலை மட்டும் ஒட்டிச் செல்லும் சுரங்கம் மேலிருந்து பார்த்தால் துளியும் தெரியாமல் இருக்கக்கூடும்.

மஞ்சளடித்து உதிரப்போகும் இலைகளையும் உதிர்ந்த இலைகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். சில அந்துப்பூச்சிகளின் சுரங்கத்தைச் சுற்றி மட்டும், இலையின் மற்றப் பகுதி மஞ்சளான பிறகும், பச்சைத் திட்டு ஒன்று மீந்திருக்கும். ஆப்பிள் இலையில் வாழும் ஃபில்லோனோரிக்டர் பிளான்கார்டெல்லா என்ற இனத்தில், புழுவுக்குள் வாழும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவுக்கு இந்தப் பசுமையைக் காப்பதில் பங்கு உண்டு என 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. மஞ்சள் இலையில் இப்படிப் பச்சைத் தீவு ஒன்றைக் கண்டால், உள்ளே புழு இன்னும் உயிரோடு தின்றுகொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இது சுரங்கம்தானா?

இலையில் வெளிறித் தெரிவதெல்லாம் சுரங்கம் ஆகாது. பூஞ்சைப் புள்ளிகள், நச்சுயிரி நோயால் வரும் மஞ்சள் வரிகள், வண்டுகள் ஒரு பக்கத்தை மட்டும் சுரண்டிய தடங்கள், நத்தை ஊர்ந்த பளபளப்பு ஆகியவை தொடக்கத்தில் குழப்பும். மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் தெளிவு கிடைத்துவிடும். கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அகன்றுகொண்டே போகிறதா? அதற்குள் கறுப்பு அல்லது பழுப்பு நிற எச்சம் இருக்கிறதா? நகத்தாலோ ஊசியாலோ மெல்லக் கீறினால் மெல்லிய தோல் தனியாகப் பிரிந்து அடியில் வெற்றிடம் தெரிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது சுரங்கமே. எச்சம் இல்லாத சுரங்கங்களும் உண்டு. அவற்றைப் பற்றிக் கீழே சொல்கிறேன். தோலடியில் வெற்றிடம் இல்லை என்றால் மட்டும் அதைச் சுரங்கம் என்று பதிவு செய்யாதீர்கள்.

அந்துப்பூச்சியா, ஈயா, வண்டா?

இலைக்குள் சுரங்கம் வெட்டும் பழக்கம் நான்கு பூச்சி வரிசைகளில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. அந்துப்பூச்சிகள், ஈக்கள், வண்டுகள், குளவிகளுக்கு உறவான ரம்ப ஈக்கள் ஆகியவையே அவை. எனவே, சுரங்கம் ஒன்றைக் கண்டதும் அந்துப்பூச்சி என்று எழுதிவிடுவது அவசரம். உயிருள்ள புழு உள்ளே இருந்தால் வேலை எளிது. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து லென்ஸால் பாருங்கள். அந்துப்பூச்சிப் புழுவுக்குப் பொதுவாகத் தட்டையான, பழுப்பேறிய, தெளிவான தலை இருக்கும். தாடைகள் முன்னோக்கி நீண்டிருக்கும். ஈப்புழுவுக்குத் தலை என்று தனியாக எதுவும் தெரியாது, முன்முனை கூம்பியிருக்கும், அதற்குள் கறுப்பான சிறிய கொக்கி ஒன்று முன்னும் பின்னும் அசைந்து திசுவைச் சுரண்டுவதைக் காணலாம். அந்தக் கொக்கி அசைவதை ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு மறக்கவே மாட்டீர்கள்.

புழு போய்விட்டிருந்தால் எச்சத்தைப் பார்க்க வேண்டும். அக்ரோமைசிடே குடும்பத்து ஈப்புழுக்களில் பல ஒருக்களித்துப் படுத்துத் தின்பவை; அவ்வப்போது மறுபக்கம் புரண்டுகொள்வதால் எச்சம் சுரங்கத்தின் இரு ஓரங்களிலும் மாறி மாறி விழுந்திருக்கும். அந்துப்பூச்சிப் புழு நேராகச் செல்வதால், கோட்டுச் சுரங்கத்தில் எச்சம் பெரும்பாலும் நடுவில் ஒரே வரியாக இருக்கும். இது நல்ல வழிகாட்டி, ஆனால் விலக்கில்லாத விதி அல்ல. எச்சத்தை மட்டும் நம்பி முடிவு செய்த பதிவுகளில் பிழைகள் வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உண்ணிச்செடி இதற்குச் சிறந்த பயிற்சிக்களம். அந்த ஒரே செடியில் காலிகோமைசா லான்டனே என்ற ஈ திட்டுச் சுரங்கம் அமைக்கிறது. ஆக்டோடோமா ஸ்காப்ரிபென்னிஸ், யூரோபிளாட்டா ஜிரார்டி என்ற வண்டுகளின் புழுக்களும் இலைக்குள் வாழ்கின்றன. கிரெமாஸ்டோபாம்பிசியா லான்டனெல்லா என்ற அந்துப்பூச்சியும் சுரங்கம் வெட்டுகிறது. உண்ணிச்செடி களையாகப் பரவிய பல நாடுகளில் அதைக் கட்டுப்படுத்துவதற்காக இவை வேண்டுமென்றே கொண்டுசென்று விடப்பட்டவை. நான்கும் எல்லா இடத்திலும் இருக்காது. இருந்தாலும், ஒரு செடியின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, சுரங்கத்தையும் நின்று படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சுரங்கத்தைப் படிப்பது

படிப்பைத் தொடக்கத்திலிருந்து, அதாவது முட்டையிலிருந்து தொடங்க வேண்டும். கோட்டின் மிக மெல்லிய முனைக்கு லென்ஸை நகர்த்துங்கள். நெப்டிகுலிடே குடும்பத்தில், இலைப்பரப்பில் ஒட்டிய முட்டையின் அடிப்பகுதி வழியாகவே புழு நேரே இலைக்குள் இறங்கிவிடுவதால், காலியான முட்டை ஓடு பளபளக்கும் சிறு பொட்டாக அங்கேயே ஒட்டியிருக்கும். அது மேற்புறத்தில் இருக்கிறதா, கீழ்ப்புறத்தில் இருக்கிறதா, நரம்பை ஒட்டியிருக்கிறதா என்பதெல்லாம் நெருங்கிய இனங்களைப் பிரிக்க உதவும். ஆகவே, இதைக் களத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஓடு உதிர்ந்துவிட்டால் பிறகு எந்தப் படத்திலும் அது கிடைக்காது.

அடுத்தது வடிவம். முழுவதும் கோடாகவே செல்வது ஒரு வகை. கோடாகத் தொடங்கித் திட்டாக விரிவது இன்னொரு வகை. தொடக்கத்திலிருந்தே கொப்புளம் போல உப்புவது மற்றொரு வகை. நெப்டிகுலிடே பெரும்பாலும் கோட்டுச் சுரங்கம் அமைப்பவை. முதிர்ந்த புழு பிறைவடிவக் கீறல் வழியாக வெளியேறி, பொதுவாகத் தரையில் உள்ள சருகுகளுக்கிடையே கூடு கட்டும். டிஷெரிடே குடும்பத்தில் புழு இலையில் ஒரு சிறு பிளவை வைத்துக்கொண்டு எச்சத்தை அதன் வழியே வெளியே தள்ளிவிடுவதால், திட்டுச் சுரங்கம் துடைத்து வைத்ததுபோலச் சுத்தமாக இருக்கும். உள்ளே பட்டு இழை பூசப்பட்டிருக்கும். மேலே சொன்ன எச்சமில்லாத சுரங்கம் இதுவே. புக்குலாட்ரிக்ஸ் இனங்களின் புழு சிறிது காலம் மட்டும் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்து, இலையை ஒரு பக்கமாகச் சுரண்டிச் சிறு சன்னல்களை உண்டாக்கும். பிறகு நீளவாட்டில் வரம்புகள் கொண்ட வெண்ணிறக் கூட்டைக் கட்டும். சுரங்கத்தின் முடிவில் சீராக வெட்டியெடுத்த நீள்வட்ட ஓட்டை ஒன்று இருந்தால் ஹீலியோசெலிடே குடும்பத்தை நினைக்கலாம். அந்தப் புழு சுரங்கத்தின் மேல்தோலையும் கீழ்த்தோலையும் சேர்த்துக் கத்தரித்து, அந்தத் துண்டையே உறையாக்கிக்கொண்டு போய்விடும்.

கிராசில்லாரிடே மிகப் பெரிய குடும்பம். சுமார் 2000 இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. இவற்றின் புழுக்கள் வளரும்போது வாழ்க்கை முறையையே மாற்றிக்கொள்கின்றன. இளம்பருவத்தில் உடல் தாள்போல் தட்டையாக, கால்களின்றி இருக்கும். கத்தி போன்ற தாடைகளால் செல்களைக் கிழித்துச் சாற்றை மட்டும் பருகும். பல இனங்களில் பின்னர் புழு உருண்டு திரண்டு திசுவைத் தின்னத் தொடங்குகிறது. ஃபில்லோனோரிக்டர் இனங்களில் முதிர்ந்த புழு சுரங்கத்துக்குள் பட்டு இழை நூற்கும்; அந்த இழை காய்ந்து சுருங்கும்போது ஒரு பக்கத் தோல் மடிப்பு மடிப்பாகச் சுருக்கம் விழ, இலை கூடாரம்போல் வளைந்துவிடும். இத்தகைய கூடாரச் சுரங்கத்திலிருந்து அந்துப்பூச்சி வெளியேறிய பிறகு, காலியான கூட்டுப்புழுத் தோல் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதை உடைக்காமல் படம் எடுங்கள்.

அருகிலிருந்து பார்க்க எளிய இரண்டு இனங்களைச் சொல்கிறேன். எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகளின் கொழுந்தில் வாழும் ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லாவை ஸ்டெயின்டன் என்பவர் 1856-இல் விவரித்தார். அதன் சுரங்கம் வெள்ளி பூசியதுபோல் மின்னும். புழு பசுந்திசுவைத் தொடாமல் தோலடிச் செல்களின் சாற்றை மட்டும் பருகுவதால் அந்த மினுமினுப்பு உண்டாகிறது. நடுவில் நூல் பிடித்தாற்போல ஒரு கருங்கோடு ஓடும், அது எச்சம். சுரங்கம் தன்னையே வெட்டாமல் நெளிந்து நெளிந்து இலையோரத்தை அடைந்ததும், உண்ணாத நான்காம் பருவப் புழு ஓரத்தைப் பட்டு இழையால் மடித்துக்கொண்டு அதற்குள் கூட்டுப்புழுவாகிறது. அந்த மடிப்பை மெல்லப் பிரித்துப் பார்த்தால் பழுப்பு நிறக் கூட்டுப்புழு இருக்கும். இதன் அந்துப்பூச்சி சிறகை விரித்தால் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்.

இரண்டாவது, தாளிக்கொடி அடங்கிய ஐபோமியா பேரினத்தை உண்ணும் பெடெல்லியா சோம்னுலென்டெல்லா. இது உலகின் பெரும்பகுதியில் காணப்படுகிறது. இதன் புழு முதலில் மெல்லிய கோடாகத் தொடங்கிப் பிறகு தெளிவான திட்டுகளை உண்டாக்கும்; ஒரு சுரங்கத்தை விட்டு வெளியேறி இன்னொன்றைத் தொடங்கவும் செய்யும். இலையின் அடியில் பார்த்தால் பட்டு இழைகளின் ஒரு சிறு வலையும், அதில் சிக்கித் தொங்கும் கருநிற எச்சத் துகள்களும் தெரியும். கூட்டுப்புழு எந்த உறையும் இன்றி அதே போன்ற சில இழைகளில் தொங்கும். இலையைத் திருப்பாமல் மேலிருந்து மட்டும் பார்ப்பவருக்கு இந்த அடையாளங்கள் எவையும் கிடைக்காது.

படம் எடுக்கும் முறை

ஒரு சுரங்கத்துக்குக் குறைந்தது ஆறு வகைப் படங்கள் எடுங்கள். செடி முழுவதும் அதன் சூழலோடு, சுரங்கம் உள்ள கிளை, இலையின் மேற்புறம் முழுமையாக, கீழ்ப்புறம் முழுமையாக, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த படம், பிறகு முட்டை, எச்சம், வெளியேறிய வாசல் ஆகியவற்றின் நெருக்கப் படங்கள். மேற்புற, கீழ்ப்புறப் படங்களில் ஒன்றிலாவது அளவுகோலை இலையோடு ஒரே தளத்தில் வையுங்கள்; கோலும் இலையும் வெவ்வேறு உயரத்தில் இருந்தால் அளவு தவறாகிவிடும்.

ஆறிலும் மிகுந்த தகவல் தருவது எதிர்வெளிச்சப் படம்தான். சூரியனை நேரே பார்க்கும்படி இலையைப் பிடிக்காமல், வெளிறிய வானத்தின் பக்கம் திருப்பிப் பிடியுங்கள். திரையில் இலையைத் தொட்டு ஃபோகஸைப் பூட்டியபின், வெளிச்ச அளவைச் சற்றுக் கூட்டினால் இலையின் உட்புறம் கண்ணாடிபோல் தெளியும். எச்சத்தின் வரிசை, புழுவின் உடல், அது உரித்த தலையோடுகள் கூட அப்போது தெரியக்கூடும். காற்று அடித்தால் காம்பை விரலிடுக்கில் பிடித்து, முழங்கையை உடலோடு ஒட்டிக்கொண்டு எடுங்கள். லென்ஸைக் கைப்பேசிக் கேமராவின் மீது வைத்து எடுக்கும் படங்களே நெருக்கப் படங்களுக்குப் போதுமானவை. விலை உயர்ந்த கேமரா இல்லை என்பதற்காக யாரும் தயங்க வேண்டியதில்லை.

மேற்புறம் எது, கீழ்ப்புறம் எது என்பதைப் படத்தின் வரிசையிலேயே நிலைநாட்டிக்கொள்ளுங்கள். நான் தொடங்கிய காலத்தில் எடுத்த ஒரு நல்ல தொகுப்பு, திட்டுச் சுரங்கம் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறிக்காததால், இரண்டு இனங்களுக்கிடையே முடிவு செய்ய முடியாமல் இன்றுவரை கிடக்கிறது. அதன்பின், எப்போதும் மேற்புறத்தை முதலில் எடுப்பது என்ற ஒரே வரிசையை நான் மாற்றியதில்லை.

குறிப்பு எழுதுவது

நாள், இடம், செடியின் பெயர், அந்தப் பெயரில் உங்களுக்கு உள்ள உறுதி, சூழல், இலை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது, சுரங்கம் எந்தப் பக்கத்தில் இருந்தது, உள்ளே புழு உயிரோடு இருந்ததா என்பவற்றை எழுத வேண்டும். இவற்றோடு, எத்தனை இலைகளைப் பார்த்தீர்கள், அவற்றில் எத்தனையில் சுரங்கம் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேடியும் கிடைக்காத நாளையும் எழுதுங்கள். ஒரு மாதிரிக் குறிப்பு இப்படி இருக்கலாம்: “தாளிக்கொடி, பெயர் உறுதி. வேலியோரம், பாதி நிழல், முழங்கால் உயரம். 60 இலைகள் பார்த்ததில் 4 இலைகளில் சுரங்கம். 2 காலி, 2-இல் புழு உண்டு. திட்டு இருபுறமும் தெரிகிறது. இலையடியில் இழையும் எச்சமும். முட்டை காணவில்லை.”

இந்தக் குறிப்பில் பூச்சியின் பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள். கண்டது வேறு, கருதியது வேறு. இரண்டையும் ஒரே வரியில் கலந்துவிட்டால், பின்னாளில் பெயர் தவறென்று தெரியும்போது கண்டதையும் யாரும் நம்ப மாட்டார்கள். பெயரைக் குறித்த உங்கள் எண்ணத்தைத் தனி வரியில், “என் ஊகம்” என்று தொடங்கி எழுதுங்கள். இந்தத் துறையில் பெயரில்லாத இனங்கள் இன்னும் ஏராளமாக இருப்பதால், பெயர் இல்லாத நல்ல குறிப்புக்கு, பெயர் உள்ள மோசமான குறிப்பைவிட மதிப்பு அதிகம்.

வளர்த்துப் பார்ப்பது

சுரங்கத்தை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாதபோது புழுவை வளர்த்து அந்துப்பூச்சியைப் பெறுவதே உறுதியான வழி. பாதுகாக்கப்பட்ட காடுகளில் அனுமதியின்றி இலை பறிக்கக் கூடாது. பிற இடங்களிலும் ஓரிரு இலைகளுக்கு மேல் எடுக்க வேண்டாம். ஏறத்தாழ முழு வளர்ச்சி அடைந்த புழு உள்ள இலையையே தேர்ந்தெடுங்கள். பறித்த இலை வாடிக்கொண்டே போகும். பெரும்பாலான சுரங்கப் புழுக்களால் வேறு இலைக்கு மாறவும் முடியாது. இளம் புழுவை எடுத்துவந்தால் அது பட்டினியில் சாகும்.

மூடியுள்ள சிறிய பிளாஸ்டிக் பெட்டியில், பிழிந்து விட்ட ஈர டிஷ்யூ பேப்பரின் மீது இலையை வையுங்கள். ஒரு பெட்டிக்கு ஓர் இலை. ஒரே இடத்து இலைதானே என்று இரண்டைச் சேர்த்து வைத்தால் எது எதிலிருந்து வந்தது என்பது தெரியாமல் போகும். பெட்டியின் மீது நாளும் எண்ணும் எழுதி, நேரடி வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். மூடிய பெட்டி வெயிலில் சிறிது நேரம் இருந்தாலே உள்ளே உள்ள புழு வெந்துவிடும். மூடியில் நீர்த்துளி கோத்திருந்தால் திறந்து துடையுங்கள்; வறண்டிருந்தால் ஒரு சொட்டு நீர் விடுங்கள். ஈரம் மிகுந்தால் பூசணம் பிடிக்கும், குறைந்தால் இலை சருகாகும். இரண்டுக்கும் நடுவே வைத்திருப்பதற்குத் தினமும் ஒரு முறை திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. புழு வெளியேறி அலைந்தால், மடித்த டிஷ்யூ பேப்பரையோ சலித்த மண்ணையோ கொடுங்கள். அது அதற்குள் போய்க் கூடு கட்டும். வெப்பமான காலத்தில் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் அந்துப்பூச்சி வெளிவரும். குளிர்நாடுகளில் சில இனங்கள் குளிர்காலம் முழுவதும் கூட்டுக்குள்ளேயே இருந்துவிடுவதும் உண்டு.

வெளிவந்த பூச்சியின் செதில்கள் சிறு உரசலிலும் உதிர்ந்துவிடும் என்பதால் அன்றே படம் எடுங்கள். பெட்டியை ஃபிரிட்ஜில் சில நிமிடங்கள் வைத்தால் பூச்சி அசைவின்றி இருக்கும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தலையும் உணர்கொம்பின் அடிப்பகுதியும் தெரியும்படி ஒன்று எடுங்கள். நெப்டிகுலிடே போன்ற சில குடும்பங்களில் உணர்கொம்பின் முதல் கணு அகன்று கண்ணை மூடும் தொப்பிபோல் இருப்பதை அந்தப் படத்தில் காணலாம். வெளியேறிய கூட்டுத் தோலையும் இலையையும் அதே எண்ணின் கீழ் பத்திரப்படுத்துங்கள்.

அந்துப்பூச்சிக்குப் பதிலாக ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள, பச்சை உலோகம்போல் மின்னும் குளவி ஒன்று வெளிவந்தால் ஏமாற்றம் அடையாதீர்கள். சுரங்கப் புழுக்கள் இலைத்தோலுக்குள் ஒளிந்திருந்தாலும் ஒட்டுண்ணிக் குளவிகள் அவற்றைத் தேடிப் பிடித்துவிடுகின்றன. காலிச் சுரங்கம் என்று நினைத்ததை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், சுருங்கிக் கிடக்கும் இறந்த புழுவும் அருகே ஒரு கருநிறக் கூட்டுப்புழுவும் தெரிவது உண்டு. யூலோஃபிடே குடும்பத்துக் குளவிகளில் சில, தம் கூட்டுப்புழுவைச் சுற்றி எச்சத்தால் சிறு தூண்களை நிறுத்தி, சுரங்கத்தின் கூரை மேலே விழாதபடி தாங்க வைத்துக்கொள்கின்றன. எதிர்வெளிச்சத்தில் அந்தத் தூண்கள் கரும்புள்ளிகளாக வரிசையிட்டு நிற்கும். குளவியையும் அதே கவனத்தோடு படம் எடுத்து, எந்தச் செடியின் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று எழுதுங்கள். இத்தகைய பதிவுகள் அந்துப்பூச்சிப் பதிவுகளைவிடவும் அரிதானவை.

இலையைப் பாடம் செய்து வைப்பது

புழு வெளியேறிய இலையைத் தூக்கி எறியாமல், இரண்டு செய்தித்தாள் மடிப்புகளுக்கிடையே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி உலர்த்துங்கள். முதல் சில நாட்கள் தினமும் தாளை மாற்றினால் இலை கறுக்காது. உலர்ந்தபின் தடித்த காகித உறையில் இட்டு, உறையின் மீது பென்சிலால் முழு விவரத்தையும் எழுதி, ஈரமும் பூச்சியும் அண்டாத பெட்டியில் வைக்கலாம்.

இந்த வேலையின் மதிப்புக்கு ஒரு சான்று உண்டு. ஐரோப்பிய நகரங்களில் குதிரைச் செஸ்ட்நட் மரங்களின் இலைகளைப் பழுப்பாக்கிப் பரவிய கமெராரியா ஒஹ்ரிடெல்லா என்ற அந்துப்பூச்சி, பால்கன் பகுதியில் உள்ள ஒஹ்ரிட் ஏரிக்கு அருகில் 1980-களின் நடுவில் கண்டறியப்பட்டு 1986-இல் பெயர் பெற்றது. அது எங்கிருந்து வந்தது என்பதில் நீண்ட நாள் விவாதம் நடந்தது. பிறகு பழைய உலர்தாவரத் தொகுப்புகளைப் புரட்டியபோது, கிரேக்கத்தில் 1879-இல் ஒரு தாவரவியலாளர் சேகரித்து அழுத்தி வைத்திருந்த குதிரைச் செஸ்ட்நட் இலைகளிலேயே இதே புழுவின் சுரங்கங்கள் இருந்தன. உள்ளே காய்ந்திருந்த புழுக்களிலிருந்து மரபணுவும் கிடைத்தது. இந்த முடிவு 2011-இல் வெளியானது. அந்தச் சேகரிப்பாளர் சேகரித்தது மரத்தின் இலையை மட்டுமே. நாளும் இடமும் உறையின் மீது இருந்ததால்தான், நூறாண்டுக்கும் மேலான பிறகு அது பூச்சியின் வரலாற்றுக்கு விடை தந்தது. புதைபடிவ இலைகளில் 9.7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சுரங்கங்கள் கூட இன்றைய நெப்டிகுலிடே, கிராசில்லாரிடே குடும்பங்களுக்கு உரியவை என்று சொல்லுமளவுக்குத் தெளிவாக நிலைத்திருக்கின்றன.

பிறரோடு பகிர்வது

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற, உயிரினப் பதிவுகளுக்கான பொது இணையதளத்தில் பதிவேற்றும்போது, ஒரு சுரங்கம் ஒரு பதிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இலையில் இரு வேறு சுரங்கங்கள் இருந்தால் இரு பதிவுகள். பூச்சியாக அடையாளமிட்டு, சான்று வகையில் இலைச்சுரங்கம் என்று குறித்து, செடியின் பெயரைத் தவறாமல் எழுதுங்கள். செடியைத் தனிப் பதிவாகவும் இட்டு இரண்டையும் இணைத்தால், தாவரங்களை அறிந்தவர்கள் செடியை உறுதிப்படுத்துவார்கள். உங்களுக்கு உறுதி உள்ள நிலையில் அடையாளத்தை நிறுத்திக்கொள்ளுங்கள். அந்துப்பூச்சி வரிசை என்பது மட்டும் உறுதி என்றால் அதோடு நிற்கலாம். குடும்பம் தெரிந்தால் குடும்பம் வரை போகலாம். இணையத்தில் எங்கோ ஒரு படம் ஒத்திருக்கிறது என்பதற்காக இனப்பெயரை இட்டுவிடாதீர்கள். அந்தப் படம் வேறொரு செடியில், வேறொரு கண்டத்தில் எடுத்ததாக இருக்கக்கூடும்.

இடத்தின் ஆயத்தொலைவுகளை முடிந்தவரை துல்லியமாகப் பதியுங்கள். செடியே அரிதானது என்றால் மட்டும் இடத்தை மறைத்து இடலாம். பதிவேற்றிய பிறகு அதே செடிக்குப் பத்து நாள் இடைவெளியில் திரும்பிச் செல்லுங்கள். முதல் முறை மயிரிழையாக இருந்த கோடு இரண்டாம் முறை திட்டாகியிருக்கும். மூன்றாம் முறை வாசல் திறந்து காலியாகியிருக்கும். கிளையில் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டி அடையாளம் வைத்தால், அதே இலையை மறுபடி கண்டுபிடிப்பது எளிது. மூன்று முறையும் எடுத்த படங்களை ஒரே பதிவின் கீழ் நாள் வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் அன்றைய சுரங்கத்தின் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் எழுதி வையுங்கள்.